நீலக் கை

ஊரில் பாதி வக்கீல்களின் தோள் அளவு அந்தத் தையல்காரருக்கு மனப்பாடம். கோட்டு என்றால் அவர்தான். ஆனால் ஆறு மாதமாக அவரிடம் அளவு கொடுக்கப் போகிறவர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். கழுத்தில் நாடாவைச் சுற்றி ஆளை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு, பல்பு வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பாடம் நடத்துவார். எங்கேயோ படித்தாராம். படித்ததோடு விட்டாரா? வீட்டுப் பல்புகளை எல்லாம் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டார். பொழுது சாய்ந்தால் கூடத்தில் ஓர் அரிக்கேன் விளக்கு, சமையலறையில் மெழுகுவர்த்தி. தெருவில் 'லாந்தர்' என்று பேர் வைத்தார்கள். அதையும் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டார்.

"உப்பு எது, சர்க்கரை எதுன்னே தெரியல. அடுப்பங்கரைக்கு மட்டுமாவது ஒரு பல்பு போடுங்களேன்," என்று மனைவி கேட்டு ஓய்ந்துபோனாள்.

"நாக்குல வெச்சுப் பாரு, தெரியும்," என்றார்.

மகள் வக்கீலாகி முதன்முதலாகக் கோர்ட்டுக்குப் போகும் நாள் வந்தது. கடையில் வேலை குவிந்து கிடந்ததால் அவளுடைய கறுப்புக் கோட்டை வீட்டில் அரிக்கேன் விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தார். இடது கைக்குத் துணி போதவில்லை. பையில் இன்னொரு துண்டு இருந்தது. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அதுவும் கறுப்புதான். விடிவதற்குள் தேய்த்து, மடித்து, உறையில் போட்டுக் கொடுத்தார். அவள் கோர்ட்டில் போய்த்தான் பிரித்துப் போட்டாள்.

பின்பெஞ்சில் பெருமையாக உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். டியூப்லைட்டுக்குக் கீழே, இடது கை பளிச்சென்று நீலம்.

நீதிபதி இன்னும் வரவில்லை. முன்வரிசையில் இருந்த பெரிய வக்கீல் திரும்பினார். "ஏம்மா, உன் இடது கை மட்டும் எதிர்த்தரப்புக்கு ஆஜராகுதா?"

எல்லாரும் சிரித்தார்கள். மகள் பின்பெஞ்சை ஒரு தரம் பார்த்தாள். "அவசரத்துல ரெடிமேடா வாங்கினது சார்."

"வீட்டுலயே தையல்காரர வெச்சுக்கிட்டு ரெடிமேடா? அப்பாகிட்ட குடுத்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

"என் தப்புதான் சார்."

தையல்காரர் எழுந்து நின்று, நான்தான் தைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் பெரிய வக்கீல் போட்டிருந்ததும் அவர் தைத்த கோட்டுதான். முப்பது வருஷத்துப் பேர். பெற்ற மகள் தலைகுனிந்து நிற்க, மனுஷன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படியும் எழவில்லை.

அன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்து கூடத்தில் பல்பை மாட்டினார்.

"இன்னைக்கு மழைதான் வரப்போகுது," என்ற மனைவி மகளிடம் திரும்பினாள். "கோட்டப் பாத்து என்னடி சொன்னாங்க?"

மகள் கோட்டு இருந்த பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். "அப்பா தைச்சா கேக்கணுமா? எல்லாரும் நல்லா இருக்குன்னாங்கம்மா."

அவருக்காக அவள் சொன்ன இரண்டாவது பொய் அது. அவர் எழுந்துபோய் சுவிட்சை அணைத்தார்.

"கண்ணு கூசுது," என்றார்.