நஞ்சப்பன் தோட்டத்தில் கூடிப்போன ஒரு ஓம்

எருத்தேன்பதிப் பக்கம் கிணற்று மோட்டார் நின்றுபோனால் முதல் போன் செல்வப்பிரியாவுக்குத்தான் போகும். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவள். வயர்மேன் லைசென்ஸ் வைத்திருக்கிறாள். சாமான் பையை ஸ்கூட்டரின் முன்னால் மாட்டிக்கொண்டு வருவாள். ஊரில் அவளுக்குக் கரண்டுக்காரம்மிணி என்று பெயர். தொடக்கத்தில் கேட்டைத் திறந்தவர்கள் அவளுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். அவள் முகம் சுளித்ததில்லை. மீட்டரை எடுத்து வேலையைத் தொடங்கிவிடுவாள்.

அளக்காமல் எதிலும் கைவைக்க மாட்டாள். லைசென்ஸ் வாங்கிய புதிதில் ஒரு கத்தரித் தோட்டத்தில் எதையும் பார்க்காமல் புது மோட்டாரை மாட்டிவிட்டு வந்தாள். ஒரே மாதத்தில் அது கருகியது. வேறு மோட்டார் வருவதற்குள் செடியெல்லாம் வாடிப்போயிற்று. அந்த வீட்டார் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் வெகுநாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

போன மாசியில் நஞ்சப்பன் கூப்பிட்டார். எட்டு ஏக்கர் தென்னை. ஒரு வருடத்தில் மூன்று முறை மோட்டார் காயில் எரிந்திருந்தது. காயில் கட்டித் தரும் சிவப்பிரகாஷ்தான் மட்டமான கம்பி போட்டுவிட்டான் என்று சண்டை பிடித்து, அவனோடு பேச்சையே நிறுத்தியிருந்தார். புது மோட்டார் வந்து இறங்கிவிட்டது, மாட்டிக் கொடுத்தால் போதும் என்றார்.

அவள் மாட்டவில்லை. நஞ்சப்பனின் மனைவி ராமாத்தாளிடம் ஒரு தொட்டி தண்ணீர் கேட்டு வாங்கி, மோட்டார் வயரில் இரண்டு ஹீட்டர் கம்பிகளை இணைத்துத் தண்ணீருக்குள் விட்டாள். மோட்டாரை வைத்து அளந்தால் கரண்ட் ஏறி இறங்கிக் கணக்கைக் குழப்பும்; ஹீட்டர் நேர்மையானது, ஒரே சீராக இழுக்கும்.

நஞ்சப்பன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "மோட்டாரை மாட்டச் சொன்னா, சுடுதண்ணி காச்சீட்டு உக்காந்திருக்கறயே அம்மிணி."

"வயரு தின்னது போக மோட்டாருக்கு எவ்வளவு வருதுன்னு பாக்கறனுங்கய்யா. வோல்ட் கொறைஞ்சா காயில் சூடாயி எரிஞ்சு போயிருமுங்க."

மீட்டர் பெட்டியில் இருநூற்று முப்பது வோல்ட். கிணற்றடியில் இருநூறு. வயரில் ஓடியது ஏழரை ஆம்பியர். முப்பது வோல்ட் வழியிலேயே தொலைகிறது; முப்பதை ஏழரையால் வகுத்தால் வயரின் தடை நான்கு ஓம். ஆனால் அந்தக் கனத்தில், அவ்வளவு நீளச் செம்பு வயருக்கு மூன்று ஓம்தான் இருக்க வேண்டும். மீதி ஒரு ஓம் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

வயர் பாதி வழியில், தோட்டத்து வீடான சாளைக்குள் ஒரு சுவிட்சுப் பெட்டியைத் தொட்டுப் போனது. வயர் சீராக இருந்தால் அங்கே இருநூற்றுப் பத்தொன்பது வோல்ட் காட்ட வேண்டும். இருநூற்றுப் பதினொன்றுதான் காட்டியது. ஆக, கோளாறு மீட்டருக்கும் சாளைக்கும் நடுவில். திரும்ப நடந்தாள். கம்பத்தில் தொங்கிய வயரில் ஒட்டு எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடம் ஒன்றுதான்: சாளைச் சுவரை ஒட்டி அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளின் பின்புறம்.

மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். மோட்டார் ஓடும்போது பத்து ஆம்பியர். பத்தைப் பத்தால் பெருக்கி, ஒரு ஓம்: நூறு வாட். நூறு வாட் பல்பின் சூடு முழுக்க, ஒரு விரல் நீள ஒட்டில், வைக்கோலுக்குள்.

வைக்கோலை நகர்த்த வேண்டும் என்றதும் நஞ்சப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. தை மாதம்தான் ஆள் விட்டு அடுக்கினாராம். ஒரு மீட்டரை நம்பி அத்தனையையும் பிரிக்க முடியாது, மோட்டாரை மாட்டு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றார்.

செல்வப்பிரியா மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "வேற ஆளு வரட்டுங்க. அதுவரைக்கும் இதைய குடுக்க மாட்டனுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் ராமாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் கட்டைத் தூக்கினாள். செல்வப்பிரியா அடுத்ததை. கடைசி வரிசை வந்தபோது தீய்ந்த வாசம் அடித்தது. வயர் போன பிளாஸ்டிக் குழாய் பழுத்து வளைந்திருந்தது. அதை ஒட்டிய வைக்கோல் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. குழாயை அறுத்துப் பார்த்தால், செம்பு வயரோடு ஒரு துண்டு அலுமினியக் கம்பியை வெறுங்கையால் முறுக்கி டேப் சுற்றியிருந்தது.

ராமாத்தாள் கறுத்த வைக்கோலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "மத்தியானம் நான் இந்தப் பக்கந்தேன் படுப்பேன் கண்ணு."

நஞ்சப்பன் அந்த ஒட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். போன வருடம் எலி கடித்தபோது, தண்ணீர் பாய்ச்சும் அவசரத்தில் அவரே முறுக்கிவிட்டது அது. அதை அவரே சொன்னார். செல்வப்பிரியா குத்திக்காட்டவில்லை. தானும் ஒரு தோட்டத்தில் அவசரப்பட்டவள்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு, கெட்ட துண்டை வெட்டியெடுத்து, செம்பு வயரைச் செம்புக் குழலால் இறுக்கிச் சேர்த்தாள். மறுபடி ஹீட்டர். கிணற்றடியில் இருநூற்று ஏழு. ஆனாலும் இந்த மெல்லிய வயரில் மூன்று ஓம் மிஞ்சும், கோடையில் கரண்ட் இறங்கும்போது மோட்டார் மறுபடி திணறும் என்று மறைக்காமல் சொன்னாள். மறுவாரமே நஞ்சப்பன் தடித்த வயர் இழுத்தார். புது மோட்டாரைப் பெட்டியைப் பிரிக்காமலே கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, சிவப்பிரகாஷிடமே மறுபடி காயில் கட்டி வாங்கிய பழையதை மாட்டச் சொன்னார். சித்திரை வெயில் முழுக்க அது ஓடியது.

ஒட்டைச் சரிசெய்த அன்றைக்கு அவள் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் தென்னைக்கடியில் தள்ளி நின்று போன் பேசுவது கேட்டது. "சிவப்பிரகாசு, நாந்தான் பேசறேன். உன்ற காயில்ல குத்தமில்ல சாமி."