கேசரியின் நிறம்

"கேசரி செத்துப்போச்சுன்னு சொல்றா தம்பி. நாங்க வேற மீன வாங்கி விட்டு ஏமாத்துறோமாம். ஒரு வாரமா போனே எடுக்கல."

காமயகவுண்டன்பட்டியிலிருந்து பஸ் ஏறிக் கம்பத்தில் என் ஸ்டூடியோவுக்கு வந்த தனலட்சுமி அக்கா, உட்காரக்கூடச் செய்யாமல் சொன்னது இது. கேசரி என்பது அவர் வீட்டுத் தொட்டியில் இருக்கும் தங்கமீன். மகள் வினோதினி பிளஸ் டூ படிக்கையில் தேனியில் வாங்கி, நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். இப்போது அவள் ஜெர்மனியில் நர்ஸ்.

அவள் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. முன்பு அவள் படிக்கையில் வீட்டு நாய் செத்ததை, பரீட்சை முடியட்டும் என்று நான்கு மாதம் அவளிடம் மறைத்தார்கள். நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஊர் தாண்டிப் போன பிள்ளைக்கு இங்கிருந்து நல்ல சேதி மட்டும்தான் போகும். அதோடு தொட்டி விளக்கு நீல எல்.இ.டி. அந்த வெளிச்சத்தில் போன் கேமராவுக்குக் கேசரி ஊதாவாகத் தெரிந்தது. வீடியோ காலிலும் அப்படியே.

"நல்ல கேமராவுல எடுத்துக் குடுங்க. அதப் பாத்தா நம்புவா," என்றார் அக்கா.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். முப்பது வருடமாகக் கல்யாணமும் சடங்கும் எடுத்தவன், ஒரு மீன் என்ன பெரிய விஷயம் என்ற திமிர். நேராக பிளாஷ் அடித்தேன். கண்ணாடியில் என் வெள்ளைச் சட்டைதான் பளிச்சென்று விழுந்தது. பத்துப் பதினைந்து படத்தில் ஒன்று தேறியது.

அக்கா கேமரா திரையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "உள்ளபடியே கொஞ்சம் வெளுத்துத்தான் போச்சு தம்பி. வயசாகுதுல்ல. பாத்தா மனசு விட்டுப்போவா. பழைய கலர ஏத்தி விட்ருங்க."

ஏற்றுவது எனக்குக் கை வந்த கலை. கம்ப்யூட்டரில் ஆரஞ்சை ஏற்றினேன். இடது செவுள் மூடி ஓரத்தில் ஒரு சுருட்டல் அசிங்கமாக இருந்தது. மணப்பெண் முகத்துப் பருவை எடுக்கிற மாதிரி கை தானாகவே அதையும் நேராக்கிவிட்டது. ஆல்பம் அட்டைக்கே போடலாம் போன்ற மீன். வினோதினிக்கு நானே அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. "மாமா, கேசரிக்கு வாங்கும்போதே செவுள் சுருண்டிருக்கும். அதனாலதான் கடைக்காரர் கொறச்சுக் குடுத்தாரு. இது வேற மீன். நீங்களுமா?"

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று குத்தியது. அவள் சடங்குக்கு ஆல்பம் போட்டவன் நான். அது கேசரிதான் என்று காட்ட அக்காவுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தச் சுருட்டல்; அதையும் நானே அழித்துவிட்டேன்.

அன்று மதியமே திரும்பப் போனேன். இந்த முறை முறையாகச் செய்தேன். கேமரா பிடிக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். தொட்டிக் கண்ணாடியின் உள்பக்கப் பாசியைத் துடைத்தேன். குமிழி மோட்டாரை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, நீல விளக்கை அணைத்து, என் வெள்ளை எல்.இ.டி. பேனலைத் தொட்டி மேல் வைத்தேன். மீன் நீந்துகிற இடத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் அட்டையைத் தண்ணீருக்குள் இறக்கி, அதைப் படமெடுத்து கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் வைத்தேன். எது வெள்ளை என்று கேமராவுக்குத் தெரிந்தால்தான் மற்ற நிறம் சரியாக வரும். பிளாஷ் கிடையாது. கண்ணாடியில் பிம்பம் விழாமல் என் முதுகுக்குப் பின்னால் கறுப்புத் துணி வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர் பெருமாள் அண்ணன், மலைக்குப் போகையில் கட்டும் கறுப்பு வேட்டியை எடுத்து வந்தார்.

"ஐயப்பனுக்குக் கட்டுனத மீனுக்குப் பிடிக்கச் சொல்றியேப்பா," என்று சொல்லிக்கொண்டே அவர் ஒரு முனையைப் பிடிக்க, அக்கா மறுமுனையைப் பிடித்தார்.

உள்ளது உள்ளபடி விழுந்தது. முதுகில் கொஞ்சம் ஆரஞ்சு. வயிறும் வாலும் வெள்ளை. செவுள் சுருட்டல் தெளிவாகத் தெரிந்தது. எதையும் தொடாமல் அனுப்பி, முதல் படத்தில் நான் செய்த வேலையையும் எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"கேசரிதான்மா," என்றாள் வினோதினி. "உப்புமா ஆகிருச்சே." சிரித்தாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"மாமா அங்கன இருக்காகளா? மாமா, அதே லைட்ல அம்மாவ ஒரு போட்டோ எடுங்க. எதையும் ஏத்தாம."

அக்கா பவுடர் டப்பாவைத் தேடிப் போனார். நான் வேண்டாம் என்றேன். பேனலை அவர் பக்கம் திருப்பி, அந்த வெள்ளை அட்டையைத் துடைத்துக் கன்னத்தோரம் பிடிக்கச் சொன்னேன்.

"நரையெல்லாம் தெரியுமே தம்பி."

"தெரியட்டும்க்கா."

படம் போனது. அன்று பதில் வரவில்லை. மறுநாள் அக்கா ஸ்டூடியோவுக்கு வந்து, மகள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினார். "எப்பம்மா இம்புட்டு நரைச்ச?" அவ்வளவுதான் அதில் இருந்தது. அக்கா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்.

இப்போது கலர் ஏற்றச் சொல்லி யார் வந்தாலும், படம் யாருக்குப் போகிறது என்று முதலில் கேட்கிறேன். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு என்றால் ஏற்றுவதில்லை.