நான் அழித்த முதல் படம்

நீங்கள் நம்ப மாட்டீர்கள், தெரியும். வேறு யாராவது வந்து இதை என்னிடம் சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாருங்கள் என்று நானே விரட்டியிருப்பேன். பதினோரு வருடமாகக் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுக்கிறேன். மனுஷனுக்குள்ளே எலும்பையும் சதையையும் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை.

கன்னியம்மா வந்தது நல்ல பகலில், பதினொன்றரை மணி இருக்கும். கவரைப்பேட்டைக்காரர். இரும்பு கம்பெனியில் வேலை பார்த்த கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய், டயாலிசிஸில் காலம் ஓடிக்கொண்டிருந்தது. தன்னுடைய இடது சிறுநீரகத்தை அவருக்குக் கொடுக்கப்போகிறார். அதற்கு முன் இரண்டிலும் ரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஊசி கிடையாது, மருந்து கிடையாது, உடம்பில் ஓடும் ரத்தத்தையே காந்தம் அடையாளம் வைத்துப் பின்தொடரும் ஸ்கேன் அது. தாலியில் மாட்டியிருந்த ஐந்தாறு ஊக்குகளைக் கழற்ற வைப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மூச்சை அடக்கிக்கினு ஆடாம படும்மா. பயமா இருந்தா இந்த ரப்பர் பந்தை அமுக்கு, மணி அடிக்கும்."

"ஆடமாட்டேண்ணா. அவரு பொழைக்கணும்."

முதல் படம் வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இடது சிறுநீரகம் இருக்கவேண்டிய இடம் காலி. வலது பக்கத்தில் ஒன்று சுருங்கிக் கிடக்கிறது, அதற்குள் சொட்டு ரத்தம் போகவில்லை, ஒரே கருப்பு. வேறு யாருடைய படமோ என்று பெயரைப் பார்த்தேன், இவர் பெயர்தான். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. மைக்கில் கேட்டேன்.

"இன்னாம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணா, கை தெரியாம பட்டுடுச்சு. நீ எடு."

மறுபடி எடுத்தேன். இரண்டு சிறுநீரகமும் கொழுகொழுவென்று இருந்தன, ரத்தம் அருமையாக ஓடியது. மிஷின் கோளாறு என்று முதல் படத்தை அழித்துவிட்டேன். கெட்டுப்போன படத்தை அனுப்பி டாக்டரிடம் எதற்குத் திட்டு வாங்க வேண்டும்? எங்கள் வேலையில் எல்லோரும் செய்வதுதான். ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

இரண்டு வருடம் கழித்துக் கன்னியம்மா திரும்ப வந்தார். முகமெல்லாம் வீங்கியிருந்தது. கணவர் தெம்பாக, ஃபைலைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். ஸ்கேன் எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அழித்த அதே படம் திரையில் வந்தது.

கைத்தாங்கலாக இறக்கிவிடும்போது அவராகவே பேசினார்.

"அண்ணா, அன்னிக்கு நான் பொய் சொன்னேன். உள்ள படுத்துக்கினு இருக்கசொல்ல, இந்த எடது பக்கம் எடுத்துட்ட மாறி காலியா இருந்துச்சு. பயந்துதான் அமுக்கினேன். சொன்னா ஆபரேசன நிறுத்திடுவாங்கன்னு வாய மூடிக்கினேன். அவருகிட்ட சொல்லிடாதண்ணா."

அப்போதாவது நான் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லவில்லை. பயத்துல அப்படித் தோணியிருக்கும்மா என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இன்றைக்கும் என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

"அப்டித்தான் இருக்கும். ஏதாவது தப்பா தெரிஞ்சிருந்தா நீயே சொல்லியிருப்ப இல்ல?"