பள்ளிகொண்டவரிடம் படுக்க இடம் கேட்டேன்

போன வருடம் புரட்டாசி மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓரிடத்தில் உட்காரவும் முடியவில்லை. உட்கார்ந்தால் எந்தப் பெண்ணின் அம்மாவாவது வாசலில் வந்து நின்று, "மேடம், எடம் ஏதாச்சும் ஆச்சுங்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே எழுந்து நடந்துகொண்டிருப்பேன். நடந்தாலும் கேட்பார்கள் என்பது வேறு விஷயம்.

நான் திருச்சியில் கல்லூரி மாணவிகள் தங்கும் ஓர் அரசு விடுதியில் காப்பாளராக இருக்கிறேன். வார்டன் என்றால்தான் பலருக்குப் புரியும். கணவருக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. எங்களுக்குக் குலதெய்வம் வேறு என்றாலும், எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் நான் பேசுவதும் சண்டை பிடிப்பதும் ஸ்ரீரங்கத்துப் பெருமாளோடுதான். சனிக்கிழமை ஆனால் கால் தானாக அந்தப் பக்கம் போய்விடும். அவர் எனக்குச் செய்ததை வெளியே சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவளாகிவிடுவேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் விடுதி எப்போதோ நிரம்பிவிட்டது. மூன்று பேர் படுக்கும் அறையில் ஆறு பேர். பாய் விரித்தால் கதவைத் திறக்க முடியாது. வெளியே தனியார் விடுதிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே கேட்கும் வாடகையை மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் குடும்பம் எப்படிக் கொடுக்கும்? நல்ல மார்க் எடுத்து, கல்லூரியில் சீட்டும் வாங்கிவிட்டு, தங்க இடம் இல்லாமல் படிப்பை விட்டுப் போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கல்லூரி திறந்த கொஞ்ச நாளில் எங்கள் விடுதிக்குக் கூடுதல் இடங்கள் ஒதுக்கி உத்தரவு வந்தது. சொந்தக் கட்டடம் பிறகு கட்டித் தருவார்கள். அதுவரை வாடகைக் கட்டடத்தில் நடத்திக்கொள்ளலாம். எங்கள் மாவட்ட அலுவலர் என்னைக் கூப்பிட்டு, "கட்டடம் மட்டும் புடிச்சுக் குடுங்கம்மா, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். ஆனா ஐப்பசி பொறக்கறதுக்குள்ள காட்டணும். இல்லேன்னா இந்த எடங்களை வேற மாவட்டத்துக்கு மாத்திருவாங்க" என்றார். நல்ல மனிதர். அவர் தலையிலும் ஆயிரம் வேலை.

நான் துள்ளிக் குதித்தேன். திருச்சியில் கட்டடத்துக்கா பஞ்சம்?

பஞ்சம்தான். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடை மாடி காலியாக இருந்தது. முதலாளி காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, "கவர்மெண்ட்டுனா வாடகை எப்ப வரும்னு அந்த உச்சிப் பிள்ளையாருக்கே தெரியாதுங்க" என்று கும்பிட்டு அனுப்பினார். வாடகையை அரசுப் பொறியாளர்தான் நிர்ணயிப்பார் என்றதும் இன்னொருவர் சிரித்தார். வேறொரு வீட்டில் ஓர் அம்மாள், "பொண்ணுங்க எல்லாம் என்ன ஆளுங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "படிக்கிற ஆளுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டேன். கோபத்தால் கட்டடம் கிடைக்குமா? பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன்.

காத்திருந்த பெண்களில் ஒருத்தி கௌசல்யா. மருங்காபுரிப் பக்கத்துப் பெண், இயற்பியல் முதல் வருடம். விடியும் முன் பஸ் பிடித்து, பஞ்சப்பூரில் இறங்கி, இன்னொரு பஸ் ஏறி, கல்லூரிக்கு வருவாள். முதல் வகுப்பு பாதி போயிருக்கும். சாயங்காலம் அதே பாடு. மதிய உணவு இடைவேளையில் மட்டும் எங்கள் விடுதிக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். உட்கார்ந்த வேகத்தில் தூங்கிவிடுவாள். ஒருநாள் கல்லூரி மாடிப்படியிலேயே மயங்கி விழுந்தாள். அவள் அம்மா ஓடி வந்தார்.

"புள்ள தூங்குறதே பஸ்லதாங்க. மாசம் முடிஞ்சதும் நிறுத்திரலாம்னு அவங்க அப்பா சொல்லிட்டாரு. அவரு கோவத்துல சொல்லலைங்க. பயந்து சொல்றாரு" என்றார்.

கௌசல்யா அம்மாவின் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் கூட்டம் அலைமோதியது. புரட்டாசிச் சனியாயிற்றே. சன்னதியில் நிற்க எவ்வளவு நேரம் விடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். நான் கைகூப்பவில்லை. சண்டைதான் போட்டேன். "நீர் மட்டும் காலை நீட்டிச் சௌகரியமாகப் படுத்திருக்கிறீரே! ஏழு மதில் சுற்றிக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறீரே! என் பிள்ளைகளுக்கு ஒரு பாய் விரிக்க இடம் கொடுக்கக் கூடாதா?" பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். வெளியே வந்து விழுந்தேன்.

வெளியே வந்தவள் வழக்கமான வழியில் போகாமல் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்தில் நுழைந்தேன். அங்கே ஒரு மூன்று மாடிக் கட்டடம். 'வாடகைக்கு' என்று பலகை தொங்கியது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கேட்டு வாய் மூடவில்லை, அதற்குள் பதிலா!

கட்டடத்துக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வரதராஜன் சார். யாத்ரிகர்கள் தங்கும் விடுதியாக நடத்திவந்தார். வயதாகிவிட்டதால் முடியவில்லை. அரசு வாடகை போதும் என்றார். தாமதமானாலும் பரவாயில்லை என்றார். என் பிள்ளைகள் யார், எவர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான். தளிகை பண்ற எடத்துலயும் சாப்பிடற எடத்துலயும் முட்டை, மாமிசம் கூடாது. தப்பா நெனைச்சுக்கப்படாது" என்றார்.

"இதுல என்ன சார் இருக்கு!" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. புரட்டாசியில் யாருக்குக் கவுச்சி ஞாபகம் வரும்? எங்கள் வீட்டில் மாதம் பிறந்ததிலிருந்து அடுப்பில் அது ஏறவே இல்லை. தெருவே சாம்பார் வாசனையில் இருக்கும் மாதம். ஊர் முழுக்க விரதம் இருக்கும்போது அந்த நிபந்தனை எனக்கு நிபந்தனையாகவே தெரியவில்லை. மாடி ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரிந்தது. அங்கேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டேன்.

திங்கட்கிழமை மதியம் பிள்ளைகளைக் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். ஒரே கைதட்டல். கோபுரம் தெரியும் என்றேன். மறுபடி கைதட்டல். நிபந்தனையையும் சொன்னேன். கைதட்டல் நின்றது. கௌசல்யாதான் எழுந்தாள்.

"எங்க வீட்டுல முட்டை எப்பவாச்சும்தாங்கம்மா. தம்பிக்கு வச்சிட்டு மிச்சம் இருந்தா எனக்கு. ஹாஸ்டல்ல தருவாங்கன்னு சொன்னாங்க" என்றாள். பிறகு, "சாமி எங்க முட்டையவா கேட்டுச்சுங்கம்மா?" என்றாள்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. படிக்கட்டில் மயங்கி விழுந்த பெண்ணின் தட்டிலிருந்து முட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, பெருமாள் கண் திறந்தார் என்று நான் கொண்டாடிக்கொண்டிருக்கிறேன். புரட்டாசி எனக்கு ஒரு மாதம். அவர்களுக்கு அந்தக் கட்டடத்தில் வருடம் முழுக்கப் புரட்டாசி.

அலுவலரிடம் ஓடினேன். அவர் தலையை ஆட்டினார். "முட்டையும் கறியும் கவர்மெண்ட் புள்ளைங்களுக்குக் குடுக்குறது. அதை விட்டுக்குடுக்க நீங்களும் நானும் யாரும்மா?"

அதன் பிறகு இருந்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். பஸ் ஏறினேன், இறங்கினேன். உறையூர், கருமண்டபம் என்று தெருத் தெருவாக அலைந்தேன். ஒன்றும் அமையவில்லை. ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. பேசாமல் அந்த வீட்டையே முடித்துவிடலாம், வெளியே சமைத்துக் கொண்டுவந்து தெரியாமல் கொடுக்கலாம் என்றுகூட மனம் போயிற்று. நல்லவரை ஏமாற்றவும் மனம் வரவில்லை.

கடைசிச் சனிக்கிழமை. சன்னதியில் இந்த முறை சண்டை போடத் தெம்பு இல்லை. "எனக்குத் தெரியவில்லை. நீரே பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் சொன்னேன். நேரே வரதராஜன் சார் வீட்டுக்குப் போய், உள்ளதை உள்ளபடி சொல்லி, கட்டடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவரும் வருந்தினார். "எங்காத்து வழக்கம், என்னால மாத்திக்க முடியலையேம்மா" என்றார். அதில் பொய் இல்லை.

கூடத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வரதராஜன் சாருடைய தங்கை, கோவிலுக்காகப் புத்தூரிலிருந்து வந்திருந்தாராம். நான் எழுந்து கிளம்பும்போது, "கொஞ்சம் இரும்மா" என்றார்.

"எங்காத்துக்காரர் டாக்டரா இருந்தார். புத்தூர்ல சின்ன ஆஸ்பத்திரி. அவர் போனப்பறம் பூட்டியே கெடக்கு. ஆஸ்பத்திரியா இருந்த எடமாச்சேன்னு ஒருத்தரும் குடிவர மாட்டேங்கறா. உன் குழந்தைகள் பயப்படுவாளா?"

"பயப்பட மாட்டாங்கம்மா" என்றேன். பிறகு தயங்கித் தயங்கி, "அங்கயும் முட்டை..." என்று இழுத்தேன்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "முட்டை சாப்பிடுங்கோன்னு அவர் எழுதிக்குடுக்காத நோயாளியே கெடையாது. அந்த எடத்துல படிக்கற குழந்தைகளுக்கு வேண்டாம்னு நான் சொல்வேனா?"

புத்தூரில் அந்தத் தெரு வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்தப் பூட்டிய கேட்டை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. உள்ளே போய்ப் பார்த்தபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அறைக்கு அறை குளியலறை. தண்ணீர்த் தொட்டி. உயரமான மதில். விடுதிக்கென்றே யாரோ கட்டி வைத்தது போல இருந்தது. பொறியாளர் வந்து பார்த்தார், வாடகையை நிர்ணயித்தார், அந்த அம்மாள் மறுபேச்சுப் பேசவில்லை. ஐப்பசி பிறக்கும் முன் காகிதம் கையெழுத்தாகிவிட்டது. பேய் கீய் இருக்குமோ என்று ஒருத்தி கேட்டாள். "இருந்தா இருக்கட்டும்டி, அதுவும் ஓரமா படுத்துக்கட்டும்" என்றாள் கௌசல்யா.

தீபாவளிக்கு முன்னால் பிள்ளைகள் குடிவந்தார்கள். பிரசவ அறையாக இருந்த கூடம் இப்போது படிப்பு அறை. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கௌசல்யாவின் அம்மா பதறிப்போய் எனக்குப் போன் செய்தார். "புள்ள காலையிலேருந்து போனே எடுக்கலைங்க மேடம்!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். கட்டிலில் ஒரு கை தொங்க, வாய் லேசாகத் திறந்திருக்க, நல்ல வெளிச்சத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தூங்குதுங்க. எழுப்பட்டுமா?" என்றேன்.

அவர் அழுகைக் குரலில், "வேணாங்க. தூங்கட்டும்" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

என் கணவர் இதையெல்லாம் தற்செயல் என்பார். நான் வாதாடுவதில்லை. நான் பொய் சொல்லி அந்த வீட்டை முடித்திருந்தால் கூடத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு என் கஷ்டம் தெரிந்திருக்காது என்பது மட்டும் எனக்குத் தெரியும். கை நழுவிப் போகட்டும் என்று விட்ட இடத்தில்தான் பெருமாள் கொடுத்தார். முன்பெல்லாம் இந்தத் தெரு, இந்த மாடி, இந்த ஜன்னல் என்று பெருமாளுக்கே உத்தரவு போடுவேன். இப்போது குறைத்துக்கொண்டேன்.

முழுதாக விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். சொந்தக் கட்டடத்துக்கு இன்னும் அஸ்திவாரமே தோண்டவில்லை. இந்த வருடமும் வாசலில் அம்மாக்கள் நிற்கிறார்கள். நானும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன், சனிக்கிழமைகளில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்களுக்கும் ஏதோ ஒரு கவலை சோறு இறங்கவிடாமல் இருக்கலாம். போய்க் கேளுங்கள். கெஞ்சத் தெரியாவிட்டால் சண்டை போடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் கேட்டது கைக்கு வரும்போது, அது யார் தட்டிலிருந்து எடுத்து வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெருமாள் கொடுப்பது யாருடைய சோற்றையும் பிடுங்கிக்கொண்டு வராது.