காது கேட்கும் குட்டி

"உனக்கு இன்னாத்துக்கும்மா நாயி?" என்றுதான் ஞானம்மா முதலில் கேட்டாள்.

"அப்பாவுக்குக்கா. ஸ்டீல் மில்லுல முப்பது வருசம் இருந்து காது சுத்தமா போயிடுச்சு. நான் ஷிப்ட்டுக்குப் போனா தனியாதான் கீறாரு. போன மாசம் அடுப்புல பால் தீஞ்சு ஊடே பொக. பக்கத்து ஊட்டுக்காரங்க கதவ இடிச்சிருக்காங்க. அவருக்குக் கேக்கல."

"அப்ப அழகுக்கு இல்ல, காதுக்கு."

"ஆமாக்கா."

"கலர் பாக்காத அப்ப. மொதல்ல ஆத்தாளப் பாரு."

ஏஞ்சலின் பார்த்தாள். குட்டிகளைத் தொட்டபோதும் தாய் லேப்ரடார் உறுமவில்லை; கையை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. தகப்பன் நாயின் இடுப்பு எலும்பில் குறையில்லை என்று எக்ஸ்ரேவை ஞானம்மா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கேன்டீனில் ஞானம்மாவுக்கு வேலை; வீட்டில் நாய் வளர்த்துக் குட்டி விற்பாள். வருடத்துக்கு ஒரே ஈற்று. எட்டு வாரம் ஆகாமல் குட்டியைக் கைமாற்ற மாட்டாள். எல்லாம் கணவர் யேசுதாஸ் சொல்லித்தந்தது. இப்போது மூடிப்போன ஒரு மில்லில் காவல் நாய்களைப் பார்த்துக்கொண்டவர். போன வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டார். இந்தக் குட்டிகள் அவரைப் பார்த்ததில்லை.

பக்கத்து மில்லில் கம்பிக்கட்டு ஒன்று விழுந்தது. காதடைக்கும் சத்தம். நான்கு குட்டிகள் சிதறி ஓடின. தேன் நிறக் குட்டி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஏஞ்சலின் அதை அள்ளிக்கொண்டாள்.

"இதுதாங்கா. பயமே இல்ல பாருங்க."

"வர்றவங்க எல்லாம் அத்தத்தான் தூக்குறாங்க. மில்லு சத்தத்துலயே வளந்தவங்க இல்ல? அசையாம கீறது தெகிரியம்னு நெனச்சுக்கிறது."

ஞானம்மா அதை உள்ளறையில் தனியாக விட்டு, பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டினாள். திரும்பவில்லை. "செவுடு. இப்டித் தனியா உட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

செவிட்டு அப்பாவுக்குச் செவிட்டு நாய். அடுத்து விட்ட கறுப்புக்குட்டி சாவிச் சத்தத்துக்குச் சட்டென்று திரும்பி ஓடிவந்தது. அதையே எடுத்துக்கொண்டாள்.

தடுப்பூசி அட்டையை வாங்கும்போது தேன் நிறக் குட்டி எழுந்து, திறந்து கிடந்த, ஆளில்லாத வாசலை நோக்கிப் போய் உட்கார்ந்தது. வால் தரையைப் பெருக்கியது. உயரமான ஆளின் முகத்தைத் தேடுவதுபோல் தலை மெல்ல மேலே போனது. பிறகு கண்ணை மூடியது. யாரோ தடவினாற்போல் இரண்டு காதும் பின்னால் படிந்தன. தாயும் மற்றக் குட்டிகளும் தூங்கிக்கொண்டிருந்தன.

கடிகாரத்தில் இரண்டு மணி ஐந்து நிமிடம்.

"மொத ஷிப்ட் உட்டு அவரு வர்ற நேரம்," என்றாள் ஞானம்மா, திரும்பிப் பார்க்காமல். "டெய்லி இப்டித்தான்." கதவோரம் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்திருந்தது அப்போதுதான் ஏஞ்சலின் கண்ணில் பட்டது.

கறுப்புக்குட்டி இப்போது வளர்ந்துவிட்டது. குக்கர் விசிலடித்தால் அப்பாவின் வேட்டியைப் பல்லால் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போகிறது. இரண்டு மணிக்கு அது வாசல் பக்கம் திரும்புவதில்லை. ஏஞ்சலின்தான் திரும்புகிறாள்.

குட்டி வாங்கிய அன்று வழியனுப்ப வந்தபோது ஞானம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு எதுனா ஆயிட்டா, செவுட்டுக் குட்டிய நீ இட்டுனு போயிடும்மா. வேற ஒண்ணும் வேணாம். ரெண்டு மணிக்குக் கதவ மட்டும் தொறந்து வெய்யி. அவரு தட்டமாட்டாரு."