அம்மா ஏறாத ஹெலிகாப்டர்

அம்மா வடக்கே மலைக்கோயிலுக்குக் கிளம்பியது ஹெலிகாப்டரை நம்பித்தான். பட்டினப்பாக்கத்தில் குத்துக்காலிட்டு மீன் விற்றே முட்டி போய்விட்டது. நடந்து மலையேற முடியாது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரியில் எடுத்தது விமானப் பொறியியல். அதனால் வானத்தில் எது பறந்தாலும் நான்தான் பொறுப்பு.

ஒரு மதியம் அடையாறு பஸ் டிப்போவில் நிற்கும்போது அம்மாவின் போன்.

"மேகமா கீதாம், பைலட்டு எடுக்க மாட்டேன்றான். பக்கத்துக் கம்பெனிக்காரன் இப்பதான் ஆளுங்கள ஏத்திகினு போனான். நீ இங்கிலீஷ்ல பேசு. இதுக்குக்கூட ஒதவலன்னா இன்னாடி படிப்பு அது?"

"ஏரோபிளேன் படிச்ச பொண்ணு பேசுது, கம்முனு இருங்கடி," என்றாள் கூடப் போன மீன்கடை அக்கா ஒருத்தி.

போன் டிக்கெட் கவுன்டர்காரரிடம் போனது. "பைலட் தயங்குகிறார். எல்லாரும் சத்தம் போடுகிறார்கள். நீங்களும் சொன்னால் இன்னொரு முறை கேட்டுப் பார்க்கிறேன்," என்றார் ஆங்கிலத்தில்.

உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், சின்ன ஹெலிகாப்டர் தூக்கத் திணறும். பள்ளத்தாக்கை மேகம் அடைத்தால் மலையே கண்ணுக்குத் தெரியாது, வண்டியைத் திருப்பவும் இடமிருக்காது. இதையெல்லாம் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். காத்திருக்கும் பயணிகளின் நச்சரிப்பும் விபத்துக்கு ஒரு காரணம் என்று அதே விடையில் எழுதியிருந்தேன். அந்தப் பயணி என் அம்மாவாக இருப்பாள் என்று நினைக்கவில்லை.

ஆனால் பக்கத்து ஹெலிகாப்டர் போயிருக்கிறதே. அதே மலை, அதே மேகம். இரண்டு பைலட்டில் யார் சொல்வது சரி? பஸ்களின் ஹாரனுக்கு நடுவில் நின்றுகொண்டு எனக்கு என்ன தெரியும்?

"பைலட்டை வற்புறுத்தாதீர்கள்," என்றேன்.

"இன்னா சொன்னான்?" என்றாள் அம்மா, போனை வாங்கி.

"நான்தாம்மா வேணாம்னு சொன்னேன்."

"முட்டி உன்னுதா, என்னுதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அன்று அந்த ஹெலிகாப்டர் கிளம்பவே இல்லை. மறுநாள் ஊருக்கு ரயில். சாமியைப் பார்க்காமலே திரும்பினாள்.

"அந்தப் பக்கத்துக் கம்பெனிக்காரன்கூடப் போனவங்க எல்லாம் நல்லாத்தான் கீறாங்க," என்று மீன் கழுவிக்கொண்டே சொல்கிறாள். உண்மைதான். அவர்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் செய்தது சரி என்று ஆகியிருக்கும். அப்படி நினைக்கவே கூசுகிறது. எதுவும் ஆகவில்லை என்பதாலேயே நான் செய்தது தப்பா? எந்தப் பாடத்திலும் இதற்கு விடை இல்லை.

அடுத்த வருஷம் மறுபடி போகிறாளாம். எனக்கு போன் பண்ண மாட்டாளாம். தடுப்பதா, கூடப் போவதா என்று குழம்பிக்கொண்டிருக்கிறேன்.