என் புழுக்களுக்கு அவள் இலை போட்ட நாள்

என் ஓரகத்தியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதை மூடி மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. அவள் என் வீட்டுக்காரருடைய தம்பியின் மனைவி. கெட்டவளாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நல்லவள். எரிச்சல் அதனால்தான் அடங்குவதில்லை.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த மாமனார் நிலத்தைப் பாகம் பிரித்தபோது, மூத்தவர் முதலில் எடுக்கட்டும் என்றார்கள். என் வீட்டுக்காரர் கிணற்றுப் பக்கத்தை எடுத்தார். சாலைப் பக்கம் வெறும் கல்லும் கரடும், கொள்ளுகூட ஒழுங்காக வராது. தண்ணீரை விட்டுவிட்டுக் கல்லை எடுக்க எந்தக் குடியானவனுக்கு மனசு வரும்? கொழுந்தனாரை ஏமாற்றிவிட்டோமோ என்று எனக்குக் கொஞ்ச நாள் உறுத்தக்கூடச் செய்தது. அப்புறம் சாலை அகலமானது. அந்தக் கல்லும் கரடும் என்ன விலைக்குப் போனது என்பதை நான் வாயால் சொல்லமாட்டேன். கொழுந்தனார் அந்தப் பணத்தில் தர்மபுரியில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டார். மாசம் பிறந்தால் வாடகை வந்துவிடுகிறது. அவள் காலையில் எழுந்து காப்பி குடித்துக்கொண்டே, இன்றைக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அப்படி ஒரு யோசனை வந்ததே கிடையாது.

நாங்கள் கிணற்றுத் தண்ணீரில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறோம். வருமானம் இல்லாமல் இல்லை. மகளைப் படிக்கவைத்தோம், ஓட்டு வீட்டுக்குத் தளம் போட்டோம். ஆனால் ஷெட்டில் புழு இருக்கிற நாட்களில் ஊர் எல்லையைத் தாண்ட முடியாது. கடைசித் தோலை உரித்துவிட்டு எழுந்தபின் அதுகள் தின்கிற தீனிக்கு அளவே இல்லை. குச்சியோடு வெட்டிய இலையை வேளை தவறாமல் பரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வேளை பிந்தினால் கூட்டில் எடை நிற்காது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கால் நனைக்காமல் யாரும் உள்ளே நுழையக் கூடாது. பூ, பவுடர், சென்ட் எதுவும் ஆகாது, வாசனை பட்டால் புழு இலையைத் தொடாது.

அவள் போனில் ஸ்டேட்டஸ் வைப்பாள். ஒகேனக்கல், ஏற்காடு, யாரோ வீட்டு வளைகாப்பு. நான் இலைக்கறை படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பார்க்காமல் இருக்கலாம்தான். பார்ப்பேன்.

ஒரு தடவை ஷெட்டைப் பார்க்க வந்தாள். தலை நிறையக் குண்டுமல்லி, அவளுக்கு முன்னால் வந்து நின்றது சென்ட் வாசனை. நான் வாசலிலேயே கையை நீட்டி மறித்தேன்.

“பூவோட உள்ள வரக்கூடாதும்மா. புழுவுக்கு ஆவாது.”

“சரிங்கக்கா” என்று சொல்லி, ஜன்னல் வலை வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், கூடு நல்ல விலைக்குப் போன நாளில்கூட வந்ததில்லை. அவள் நினைத்தபோது நுழைய முடியாத ஓர் இடம் இருக்கிறது, அதன் சாவி என் இடுப்பில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் என் தம்பிக்குக் கல்யாணம் கூடி வந்தது. எனக்கு ஒரே தம்பி. விவசாயம் பார்க்கிற பையன் என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பெண் வீட்டார் தட்டிக் கழித்தார்கள். அவன் தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சு போடப்போவது நான்தான் என்று அத்தனை வருஷமும் காத்திருந்தேன். கடத்தூரில் மண்டபம் கிடைக்காமல் முகூர்த்தத்தை முன்னால் இழுத்தார்கள். அது புழு பேய்த்தீனி தின்கிற நாட்களில் வந்து விழுந்தது.

“எலைய நான் வெட்டிப் போட்டுருவன். உள்ள பரப்பறது ஆரு? ஒத்தையாளா ரெண்டும் ஆவாது” என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னது நியாயம்தான். பழக்கமில்லாத கூலியாளை உள்ளே விட எனக்கும் மனசில்லை.

தம்பிக்குப் போன் போட்டேன். “பரவால்லக்கா, பெரியப்பா பொண்ணு முடிச்சு போடட்டும். நீ மனச ஒளப்பிக்காத” என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். போனை வைத்துவிட்டு இலைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பாதி அழுகை முடிச்சுக்காக. மீதி, அந்தக் கல்யாணத்துக்கு என் ஓரகத்தி அதற்குள் பட்டுச்சேலை எடுத்து, ரவிக்கையும் தைத்து வைத்திருந்தாள் என்பதற்காக.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அவள் வந்து இறங்கினாள். பழைய நூல் சேலை, தலையில் பூ இல்லை, முகத்தில் பவுடர் இல்லை. வாசல் தண்ணீரில் அவளாகவே காலை நனைத்துக்கொண்டு நின்றாள்.

“நீங்க போங்கக்கா. நான் எலை போடறன். எப்படின்னு மட்டும் சொல்லிக் குடுங்க.”

“உனக்கெதுக்கும்மா இந்த வேல? நீ கல்யாணத்துக்குப் போவல?”

“உங்க தம்பி கல்யாணத்துக்கு நான் இல்லன்னா ஆரு கேக்கப் போறாங்க? நீங்க இல்லன்னா முடிச்சு ஆரு போடறது?”

வேண்டாம் என்று வாய்வரை வந்தது. முடிச்சுதான் ஜெயித்தது. குச்சியின் நுனியையும் அடியையும் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னேன். ஓரத்தில் இருக்கிற புழுவை மறந்துவிடாதே என்றேன். சாவியை அவிழ்த்துக் கொடுத்தபோது இடுப்பு வெறிச்சென்று இருந்தது.

முடிச்சு போட்டேன். தம்பி, மணப்பெண்ணின் கழுத்தில் தாலியைப் பிடித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் போதும். பந்தியில் உட்கார்ந்தும் ஷெட் ஞாபகம்தான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து பஸ் ஏறினேன்.

வந்ததும் வராததுமாக ஷெட்டுக்குத்தான் ஓடினேன். வாசலில் ஒரு கை நீண்டது.

“அக்கா, பூவு.”

பட்டுச்சேலை, கழுத்தில் சந்தனம், தலையில் இரண்டு முழம் மல்லிகை, இந்தக் கோலத்தோடு நான் உள்ளே நுழையப் போயிருந்தேன். என் ஷெட்டில், நான் போட்ட சட்டத்தை வைத்து, அவள் என்னை மறித்து நின்றாள். அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே பதறிப்போய்ச் சொன்னாள். பூவைப் பிய்த்து வெளியே வைத்துவிட்டு, வலை வழியாகப் பார்த்தேன். புழுக்கள் தின்கிற சத்தம் தூறல் போலக் கேட்டது. ஒரு ஓரம்கூட விட்டுப்போகவில்லை.

“நான் கிட்ட போனா தலையத் தூக்கிப் பாக்குதுங்கக்கா. எனக்கு வூட்டுக்குப் போவவே மனசில்ல. அடுத்த வாட்டியும் கூப்புடுங்க, வர்றன்” என்றாள். தலைமயிரில் இலைத்துண்டு, கையெல்லாம் குச்சி கீறிய கோடு, முகம் கொள்ளாத சிரிப்பு.

காசு இருந்தும் அவளுக்கு மனசு நிறையவில்லை, எனக்குத்தான் நிறைவான வாழ்க்கை என்று இந்த இடத்தில் யாராவது என்னைத் தேற்ற வந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. அதே ஷெட், அதே இலை, அதே புழு. நான் இத்தனை வருஷம் இலை போட்டும் வராத சிரிப்பு அவளுக்கு ஒரே நாளில் வந்தது. பிடிக்காவிட்டால் அவள் நாளைக்கு வரவேண்டியதில்லை. எனக்குப் பிடித்திருக்கிறதா என்று நான் கேட்டுப் பார்த்ததே இல்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது?

“பாக்கலாம்மா” என்று சொல்லிச் சாவியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

சாயந்திரம் இலை பரப்பிவிட்டு வந்து போனைப் பார்த்தேன். அவள் புது ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். என் ஷெட் வாசலில் நின்று, கீறல் விழுந்த தன் கையை எடுத்த படம். என் கையைத் திருப்பிப் பார்த்தேன். அதே கீறல்தான், அவளுடையதைவிட நிறைய. அவள் கையில் அது அழகாக இருந்தது.